காட்டுவதற்கு ஒரு பள்ளம்

அத்தியாயம் 19

சென்ற வார இதழைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிட்டு இன்னும் திரும்பிவராமல் காத்திருப்பவர்களுக்காக முதலில் நாலு வரி.

ரியோ ஃப்ரீதா பள்ளத்தாக்கின் துப்பாக்கி சுடும் சங்கத்தில் இந்த வருடத்து ராணிப் பட்டம் ரோஸ்விதாவுக்குக் கிடைத்துவிட்டது. கிடைத்த விதம்தான் யாரும் எதிர்பாராதது. போட்டியின் நடுவில் அவளுடைய துப்பாக்கியின் விசை மக்கர் செய்தது. யாரிடமாவது இரவல் கேட்கலாம் என்று அவள் திரும்புவதற்குள், பக்கத்திலிருந்து ஒரு துப்பாக்கி நீண்டது. நீட்டியவள் ஹெல்கா. ரோஸ்விதாவின் கணவன் இங்கோவுக்கு அண்ணன் வில்மார். அந்த வில்மாரின் மனைவி. அதாவது, ரோஸ்விதாவுக்கு ஓர்ப்படி.

ஹெல்காவின் துப்பாக்கியாலேயே சுட்டு ரோஸ்விதா ராணியானாள். ஹெல்கா இரண்டாவதாக வந்தாள்.

இதில் என்ன பெரிய அதிசயம் என்று கேட்கலாம். இந்த இரண்டு வீடுகளும் ஒன்றின் வாசலை மற்றொன்று மிதித்து வருடங்கள் ஆகின்றன. காரணம் அதே துப்பாக்கி. சரியாகச் சொன்னால், அதன் மரக்கட்டையில் இருக்கும் ஒரு பள்ளம்.

மாமனார் காலமான பிறகு சாமான்களைப் பிரித்தபோது துப்பாக்கி மூத்தவன் வில்மார் வீட்டுக்குப் போயிற்று. பழைய வீட்டிலிருந்து அதைத் தன் வண்டியில் ஏற்றிப்போய்க் கொடுத்தவன் இங்கோ. மறுநாள் பார்த்தால், தோளில் பதியும் பின்கட்டையின் வலப்பக்கத்தில் கட்டைவிரல் நகம் அளவுக்கு ஒரு பள்ளம். "கீழே போட்டுட்ட" என்றாள் ஹெல்கா. "நான் போடல" என்றான் இங்கோ. பேச்சு அன்றோடு நின்றது. பள்ளம் மட்டும் ஊரெல்லாம் சுற்றியது. ஹெல்கா வீட்டுக்குப் போன எந்த விருந்தாளியும் அதைப் பார்க்காமல் திரும்பியதில்லை. முதலில் காப்பி வரும், பிறகு வாழைப்பழ கூக்கா கேக்கு வரும், தட்டு காலியானதும் துப்பாக்கி வரும்.

"தொட்டுப் பாருங்க. என் கொழுந்தனார் கைவண்ணம்."

சரிசெய்துவிடலாமே என்று ஒருமுறை பாஸ்டர் கேட்டிருக்கிறார். "எதுக்கு பாஸ்டர்? அது பாட்டுக்கு இருக்கட்டும்" என்றாளாம் ஹெல்கா.

அப்படிப்பட்டவள் ஏன் தன் துப்பாக்கியை நீட்டினாள் என்பது பள்ளத்தாக்கில் யாருக்கும் விளங்கவில்லை. ஹெல்காவுக்கே விளங்கியதா என்பது சந்தேகம்தான்.

இனி இன்றைய கதை.

*

ராணியை அவள் வீட்டுக்கே வந்து, பேண்டு வாசித்து, கொடி பிடித்து அழைத்துப்போவது சங்கத்தின் வழக்கம். பட்டம் வாங்கித் தந்த துப்பாக்கி அதுவரை ராணி வீட்டு முன்னறையில், வெள்ளைத் துணி விரித்த மேஜைமேல், இலையும் பூவுமாக அலங்கரித்து இருக்க வேண்டும். ஊர்வலம் வந்ததும் துப்பாக்கிக்கு உரியவர் உள்ளே வந்து அதைத் தம் கையால் எடுத்துக்கொண்டு ராணிக்கு முன்னால் நடப்பார்.

ஆகவே இன்று மத்தியானம் ஹெல்கா இந்த வீட்டுக்குள் வந்தே தீர வேண்டும். அதை நினைத்துத்தான் ரோஸ்விதா காலையிலிருந்து அடுப்படியில் சிரித்த முகமாக நின்றாள். வாத்துகளுக்குள் சிவப்புக் கோஸ் அடைத்து அடுப்பில் வைத்தாயிற்று. கூக்கா நாலு தட்டு ஆறிக்கொண்டிருந்தது. ஹெல்காவுக்கு மேலே தூவிய சர்க்கரைப் பொடி தடிப்பாக இருந்தால்தான் பிடிக்கும் என்பது ரோஸ்விதாவுக்கு நினைவிருந்தது. ஒரு தட்டில் மட்டும் தடிப்பாகத் தூவியிருந்தாள்.

கையைத் துடைத்துக்கொண்டு முன்னறைக்கு வந்தாள். இங்கோ மேஜையிலிருந்து இரண்டடி தள்ளி நின்று, படம் வரைந்தவன் பார்ப்பதைப் போலத் தலையைச் சாய்த்துப் பார்த்துக்கொண்டிருந்தான்.

துப்பாக்கி பச்சைப்பசேலென்று கிடந்தது. பெரணி இலையும் செம்பருத்தியும் சேர்த்துக் கட்டிய மாலை முன்கட்டையிலிருந்து பின்கட்டை வரை சுற்றியிருந்தது.

"எப்படி?" என்றான் இங்கோ.

"நல்லாத்தான் இருக்கு" என்று சொல்லிக்கொண்டே ரோஸ்விதா கிட்டே போனாள். ஓர் இலையை விரலால் ஒதுக்கினாள். உள்ளே ஏதோ மினுங்கியது.

"இங்கோ."

"ம்?"

"இதை எதால கட்டின?"

"கம்பியால. வாழைக்குலைக்கு முட்டுக் குடுத்துக் கட்டுவோமே, அந்தக் கம்பி. நாடாவால கட்டினா வழுக்கிடும். போன வருஷம் நம்ம சங்கத் தளபதி ஒஸ்னி வீட்டு மாலை நடுரோட்டுல அவுந்து விழுந்து, பின்னால வந்த குதிரை தின்னுடுச்சே, மறந்துட்டியா? அந்த அவமானம் நமக்கு வேண்டாம்னுதான் நல்லா இறுக்கி விட்டேன்."

"எதால இறுக்கின?"

"குறடாலதான். கையால இறுக்க முடியுமா?"

மகள் மிலேனா ஈரத்தலையைத் துவட்டிக்கொண்டே வந்து எட்டிப்பார்த்தாள். "அப்பா, அது துப்பாக்கி. வேலிக் கம்பம் இல்ல."

இந்தப் பள்ளத்தாக்கு ஆண்களுக்குக் கம்பியும் குறடும் கிடைத்தால் போதும், உலகத்தில் அவிழ்வது என்பதே கிடையாது. வேலி, வாழை, கோழிக்கூட்டுக் கதவு, வண்டியின் பம்பர் எல்லாம் கம்பிதான். ரோஸ்விதா குறட்டை வாங்கி ஒவ்வொரு முறுக்கையும் அவிழ்த்தாள். மாலை தரையில் விழுந்தது.

வழவழப்பான வால்நட் கட்டையில் மூன்று இடங்களில் கம்பி பதிந்து, நூல் கட்டிய விரலைப் போல அமுங்கியிருந்தது. ஒன்று முன்கட்டையில், ஒன்று கைப்பிடியில், ஒன்று பின்கட்டையில். போதாததற்குக் கைப்பிடியின் இடப்பக்கத்தில் ஓர் அரிசியளவு வெட்டுக்காயம்.

"இது என்ன?"

இங்கோ குனிந்து பார்த்தான். அவன் முகத்திலிருந்த படம் வரைந்தவன் காணாமல் போனான். "குறடு ஒருதரம் வழுக்குச்சு. கம்பியிலதான் வழுக்குச்சுன்னு நெனச்சேன்."

பின்கட்டையின் வலப்பக்கத்தில் அந்தப் பழைய பள்ளம், இதெல்லாம் எனக்குத் தெரிந்ததுதான் என்பது போல இருந்தது.

"அண்ணி பாத்தா..." என்று இங்கோ ஆரம்பித்தான்.

"பாக்கவே வேண்டாம். தடவியே கண்டுபிடிப்பாங்க."

"இத்தனை வருஷமா ஒண்ணுக்கே ஊரைக் கூட்டினாங்க. இப்ப புதுசா நாலு. காப்பி ரெண்டு தடவை போட வேண்டியிருக்கும்."

"இலையை இன்னும் கொஞ்சம் அடர்த்தியா வெச்சு மறைச்சுட்டா?" என்றாள் மிலேனா.

"இன்னிக்கு மறைக்கலாம். நாளைக்கு அவங்க வீட்டுல அவங்க பாக்க மாட்டாங்களா?" என்றாள் ரோஸ்விதா.

பட்டம் போனாலும் பரவாயில்லை என்று ரோஸ்விதாவுக்குத் தோன்றியது. நீண்ட அந்தக் கை மறுபடி மடங்கிவிடக் கூடாது. அவ்வளவுதான் அவளுக்கு வேண்டும். ஹெல்காவும் அவளும் ஒருகாலத்தில் ஒரே சைக்கிளில் சங்கத்துக்குப் போனவர்கள். ஒருத்தி மிதிக்க, ஒருத்தி பின்னால் இரண்டு துப்பாக்கிகளையும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள்.

இங்கோ கட்டையை ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "கம்பி பட்ட இடத்துல மரம் வெட்டுப்படல. அமுங்கித்தான் இருக்கு. அமுங்கினது எழும்பும். அப்பா செய்வாரு. ஈரத்துணியை மேல போட்டு இஸ்திரிப் பெட்டியை வெப்பாரு. ஆவி உள்ள போனா மரம் தண்ணி குடிச்சு உப்பி மேல வந்துடும்."

"பெட்டி எவ்வளவு சூடு?"

"பருத்தித் துணிக்கு வெக்கிற சூடு."

"அப்ப அதை எங்கிட்ட விடு" என்றாள் ரோஸ்விதா. வாரம் பூராவும் தையல் கூடத்தில் பனியன் காலருக்கு இஸ்திரி போடுகிறவள் அவள். இந்த வீட்டில் இஸ்திரிப் பெட்டியை அவள் இருக்கும்போது வேறு யாரும் தொடுவதில்லை. "நீ இரும்பைக் கழட்டு."

*

துப்பாக்கியின் சுடும் தாழ், அதாவது போல்ட், பத்திரத்துக்காக ஏற்கெனவே தனியாக அலமாரியில் பூட்டியிருந்தது. இங்கோ திருப்புளியால் அடியிலிருந்த இரண்டு திருகுகளையும் கழற்றி, குழலைத் தூக்கித் துண்டில் சுற்றி வைத்தான். ஆவி பட்டால் இரும்பு துருப்பிடிக்கும். இப்போது மேஜைமேல் வெறும் மரம் மட்டும், குழந்தையைக் குளிப்பாட்டக் கிடத்தியது போலக் கிடந்தது.

மேலே இருந்த பழைய மெழுகை முதலில் துடைத்தார்கள். பிறகு ரோஸ்விதா ஒரு பழைய வெள்ளைத் தலையணை உறையைக் கிழித்து, நனைத்துப் பிழிந்து, மடித்து, முன்கட்டையின் தடத்தின்மேல் வைத்தாள். பெட்டியின் முனையை அதன்மேல் இறக்கினாள்.

சுர்ரென்று ஆவி எழுந்தது. ஈரமரமும் பழைய மெழுகும் கலந்த வாசனை, அடுப்பிலிருந்து வந்த வாத்து வாசனையோடு சேர்ந்து அறையை நிறைத்தது.

"இன்னும் கொஞ்சம் வெச்சிரு" என்றான் இங்கோ.

"கருகிடும்."

"கருகாது. அப்பா ஒரு பாட்டு பாடி முடிக்கிற வரைக்கும் வெப்பாரு."

"உங்கப்பா கட்டைக் குரல்ல பாடற பாட்டுக்கு மரம் பயந்துபோய் எழும்பியிருக்கும்" என்று சொல்லிவிட்டு அவள் துணியைத் தூக்கினாள்.

தடம் பாதி மறைந்திருந்தது. மறுபடி நனைத்தாள், வைத்தாள், எடுத்தாள். மூன்றாம் தடவை விரலால் தடவிப் பார்த்தபோது அங்கே ஒன்றும் இல்லை. ஈரத்தால் மரத்தின் ரோமம் கொஞ்சம் சிலிர்த்து நின்றது, அவ்வளவுதான்.

"காலர் சுருக்கம் போற மாதிரியே போகுது" என்றாள் ரோஸ்விதா. அவள் முகத்தில் காலையிலிருந்த சிரிப்பு திரும்பியது. இங்கோ நிம்மதியாகப் பெருமூச்சு விட்டான்.

மிலேனா வாசற்படியில் உட்கார்ந்து கைப்பேசியைப் பார்த்துக்கொண்டே சேதி சொன்னாள். பேண்டில் பெரிய மேளம் தட்டுகிற பையன் அவளுக்கு வழிநெடுகத் தகவல் அனுப்பிக்கொண்டிருந்தான். வருங்காலத்தில் இவன் நம் கதைக்குத் தேவைப்படுவான். இப்போதைக்கு மேளம் மட்டும்.

"கொடி கெளம்பிடுச்சாம். பால் பண்ணை வீட்டு வாசல்ல நிக்கிறாங்க. பீர் குடுக்கறாங்களாம்."

"எத்தனை பீப்பா?" என்றான் இங்கோ.

"ஒண்ணுதான்."

"ஒண்ணுதானா? சீக்கிரம் வந்துடுவாங்களே. கஞ்சப் பிசினாறிங்க."

கைப்பிடித் தடமும் எழும்பியது. அதன் பக்கத்தில் குறடு போட்ட வெட்டுக்காயம் மட்டும் அசையவில்லை. எத்தனை தடவை ஆவி காட்டியும் அதன் ஓரம் கத்தி கீறியதைப் போலக் கூராகவே இருந்தது.

"அது எழும்பாது" என்றான் இங்கோ. "நார் அறுந்துபோச்சு. அமுங்கினாத்தான் திரும்பி வரும்."

"சரி, சின்னதுதான். சொல்லிடலாம்."

பின்கட்டையில் இருந்த மூன்றாவது தடத்துக்கு வந்தார்கள். துணி இப்போது சூட்டில் அடிக்கடி காய்ந்ததால், ரோஸ்விதா பெரிதாக மடித்துத் தண்ணீரும் அதிகமாக விட்டாள். பெட்டியை வைத்தாள். ஆவி துணியின் அடியில் நாலாபக்கமும் ஓடியது. தூக்கிப் பார்த்தாள். கம்பித் தடம் அழகாக மறைந்திருந்தது.

பக்கத்தில் இருந்த பழைய பள்ளமும் பாதி மறைந்திருந்தது.

"ஐயோ" என்றான் இங்கோ, மெதுவாக.

கட்டைவிரல் நகம் அளவு இருந்தது இப்போது சுண்டுவிரல் நகம் அளவுக்கு, ஓரமெல்லாம் மழுங்கி, புண் ஆறும் நிலையில் நின்றது. ரோஸ்விதா பெட்டியை நிமிர்த்தி வைத்தாள்.

"இன்னும் ரெண்டு தடவை வெச்சா முழுசா வந்துடும்" என்றாள்.

"வேண்டாம். தொடாத."

"இப்படிப் பாதியில விடறதா? இன்னும் அசிங்கமா இருக்கு."

"அசிங்கமா இருந்தா இருக்கட்டும். ரோஸ்விதா, கொஞ்சம் யோசி. இத்தனை வருஷமா நான் செய்யல, நான் செய்யலன்னு தொண்டை வறளச் சொல்லிட்டிருக்கேன். இன்னிக்கு நம்ம வீட்டுல வெச்சு அந்தப் பள்ளத்தை நாமளே இல்லாம ஆக்கினா என்ன அர்த்தம்? நான்தான் செஞ்சேன், அதான் அழிச்சேன்னு அர்த்தம். அண்ணி சும்மா விடுவாங்களா? பள்ளம் இருந்தப்பக் காப்பிக்கு அப்புறம் காட்டினாங்க. இப்பக் காப்பிக்கு முன்னாடியே சொல்ல ஆரம்பிச்சுடுவாங்க."

அவன் சொன்னது முழுக்க நியாயம். ரோஸ்விதாவுக்கு அது புரிந்தது. பள்ளத்தை விட்டாலும் தொட்டது தெரியும். எடுத்தாலும் தெரியும். எது செய்தாலும் ஹெல்காவின் கட்டைவிரல் பொய் சொல்லாது.

அவள் ஈரத்துணியைக் கையில் வைத்துக்கொண்டு கணவனைப் பார்த்தாள். சண்டை வந்த அன்று ஹெல்கா வீட்டு வாசலில் நின்று, "என் புருஷன் இதைச் செய்யல" என்று ஊர் கேட்கச் சொன்னவள் அவள்தான். ஆனால் வீட்டுக்கு வந்த பிறகு அவனிடம் அவள் ஒருநாளும் கேட்டதில்லை. கேட்டு, அவன் வேறு ஏதாவது சொல்லிவிட்டால் என்ன செய்வது என்ற பயம்.

"இங்கோ, ஒண்ணு கேக்கறேன். உள்ளதைச் சொல்லு. அன்னிக்கு நீ கீழ போட்டியா?"

இங்கோ நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தான்.

"நீ கேக்கவே மாட்டேன்னு நெனச்சேன்" என்றான்.

"இப்பக் கேட்டுட்டேன்."

"போடல. கம்பளியில சுத்தி என் பக்கத்து சீட்டுல படுக்க வெச்சேன். பெல்ட்டு போட்டேன். சிரிக்காத. நிஜமாவே பெல்ட்டு போட்டேன். அண்ணன் வீட்டு முன்னால நிறுத்தினேன். அண்ணன் வந்து கதவைத் திறந்து எடுத்துட்டு உள்ள போனாரு. நான் சாமான் இறக்கப் போயிட்டேன். அவ்வளவுதான் எனக்குத் தெரியும்."

"அப்ப உங்கண்ணன்தானே..."

"நான் பாக்கல. பாக்காததை நான் சொல்ல மாட்டேன். அவர் என் அண்ணன்."

வாசற்படியில் கைப்பேசி சத்தம் கேட்டது. மிலேனா உள்ளே பார்க்காமலே சொன்னாள். "அரிசி மில்லைத் தாண்டிட்டாங்க. அம்மா, நீ இன்னும் உள்பாவாடையிலதான் இருக்க."

ரோஸ்விதா துணியை வாளியில் முக்கிப் பிழிந்தாள்.

"எடுத்துடறேன்" என்றாள். "நான் எடுத்தேன்னு நானே சொல்றேன். அவங்க தொடறதுக்கு முன்னாடி சொல்லிடறேன். நீ செஞ்சதா இருந்தா நான் தொட்டிருக்க மாட்டேன், இங்கோ. வெச்சுக்கிட்டு அனுபவின்னு விட்டிருப்பேன்."

இங்கோ எழுந்து வந்து கட்டையை இரண்டு கையாலும் அசையாமல் பிடித்துக்கொண்டான். அதுதான் அவன் சம்மதம். பெட்டி இறங்கியது. ஆவி அவர்கள் இருவர் முகத்திலும் அடித்தது.

*

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் ஓட்டம். மரம் காற்றில் உலர்ந்ததும் இங்கோ மெல்லிய உப்புத்தாளால் சிலிர்த்த இடங்களை மட்டும், நார் போகும் திசையிலேயே நீவிவிட்டான். ஆளிவிதை எண்ணெயைத் துணியில் தொட்டுக் கட்டை முழுக்கத் தேய்த்தான். வால்நட்டின் வரிகள் கறுத்து ஒளிர்ந்தன. குழலைப் பொருத்தித் திருகை இறுக்கினான். மாலையைத் திரும்பக் கட்ட மிலேனா தன் சட்டைக்கு வாங்கிய பச்சை நாடாவைத் தியாகம் செய்தாள்.

"வழுக்கினா வழுக்கட்டும்" என்றாள் அவள். "குதிரையும் சாப்பிடணும்ல."

ரோஸ்விதா பச்சைக் கோட்டையும் இறகு வைத்த தொப்பியையும் மாட்டிக்கொண்டு வாசலுக்கு வந்தபோது, பனையோலையால் கட்டிய வரவேற்பு வளைவுக்கு அப்பால், வாழைத்தோட்டத் திருப்பத்தில் கொடி தெரிந்தது. பின்னால் பேண்டு. அதன் கடைசி வரிசையில், மலைப்பாம்பு சுற்றிய மாதிரி பித்தளை டூபா வாத்தியத்தைத் தோளில் மாட்டிக்கொண்டு வில்மார். சிவந்த கன்னங்கள் உப்பி உப்பித் தணிந்தன. அண்ணன் தம்பி இருவரும் ஒரே சங்கத்தில் இருந்தும் பேசிக்கொள்ளாமல் இருக்க முடிந்ததற்கு அந்த டூபா பெரிய உதவி. வாயில் குழல் இருக்கும் மனிதனோடு யார் பேச முடியும்?

சங்கத்தின் தளபதி ஒஸ்னி வாளை உயர்த்தினார். பேண்டு நின்றது.

"இந்த வீட்டில் நம் ராணி இருக்கிறாரா?" என்று வழக்கப்படி உரக்கக் கேட்டார்.

"இருக்கிறார். பசியோடு வந்தவர்களுக்குச் சாப்பாடும் இருக்கிறது" என்று இங்கோ வழக்கப்படி பதில் சொன்னான். கூட்டம் கைதட்டியது.

"துப்பாக்கிக்கு உரியவர் முன்னால் வரலாம்."

ஹெல்கா வந்தாள். வாசலில் ஒரு கணம் நின்று, காலணியை மிதியடியில் தேவைக்கு அதிகமாகவே தேய்த்தாள். உள்ளே வந்து சுவர்களைப் பார்த்தாள். "பெயின்ட் மாத்திட்டீங்க" என்றாள். இத்தனை வருடங்களுக்குப் பிறகு அவள் இந்த வீட்டில் பேசிய முதல் வார்த்தை அது.

"அக்கா, எடுக்கறதுக்கு முன்னாடி உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்..." என்று ரோஸ்விதா ஆரம்பித்தாள்.

வெளியே மேளக்காரப் பையன் மிலேனாவைப் பார்த்துவிட்ட சந்தோஷத்தில் மேளத்தை ஓங்கி அறைந்தான். சொன்னது முழுகிப்போயிற்று. ஹெல்கா துப்பாக்கியைத் தூக்கிவிட்டாள்.

தூக்கியதும் அவள் வலது கட்டைவிரல் தானாகவே பின்கட்டையில் அதன் இடத்துக்குப் போனது. போய்த் தேடியது. முன்னால் நகர்ந்தது, பின்னால் நகர்ந்தது, ஒரு வட்டம் போட்டது. ஹெல்கா கட்டையைத் திருப்பிக் கண்ணுக்கு அருகில் கொண்டுபோனாள்.

"எங்க?" என்றாள்.

"எடுத்துட்டேன் அக்கா" என்றாள் ரோஸ்விதா. "நான்தான். மாலை கட்டின கம்பி பதிஞ்சுபோச்சு. அதை எடுக்கப்போக இதுவும் பாதி எழும்பிடுச்சு. மீதியை நானா எடுத்தேன். உங்களைக் கேட்டிருக்கணும். கேக்காதது தப்பு."

ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்த தலைகள் அசையவில்லை. இந்த ஊரில் அந்தப் பள்ளத்தைத் தொடாத விரலே கிடையாது.

"இத்தனை வருஷமா பத்திரமா வெச்சிருந்தேன்" என்றாள் ஹெல்கா. குரலில் கோபம்தானா என்று சொல்ல முடியவில்லை. வீட்டுச் சாமான் ஒன்று காணாமல்போனவளின் திகைப்பு. "இனிமே வர்றவங்களுக்கு நான் எதைக் காட்டறது?"

யாரும் சிரிக்கவில்லை. ரோஸ்விதாவுக்குக் கோட்டுக்குள் வியர்த்தது.

அப்போது இங்கோ முன்னால் வந்தான். ஹெல்காவின் கையிலிருந்த துப்பாக்கியை மரியாதையாக இடப்பக்கம் திருப்பினான். பச்சை நாடாவை ஒரு விரலால் ஒதுக்கினான்.

"இதைக் காட்டுங்க அண்ணி."

அரிசியளவு வெட்டுக்காயம். எண்ணெய் பட்டதால் முன்னைவிடக் கறுப்பாகத் தெரிந்தது.

"இது என்ன?"

"நான் செஞ்சது. இன்னிக்குக் காலையில. குறடு வழுக்கிடுச்சு. எவ்வளவோ ஆவி காட்டிப் பாத்தோம், எழும்பல. இனிமேயும் எழும்பாது. இது என் கைவண்ணம்தான். யார் கேட்டாலும் சொல்லுங்க. நானும் சொல்றேன்."

ஹெல்கா அந்தக் காயத்தைப் பார்த்தாள். பிறகு இங்கோவைப் பார்த்தாள்.

"இதை நாடாவுக்கு அடியில மறைச்சிருக்கலாமே. எனக்குத் தெரிஞ்சிருக்காது."

"செஞ்சதை எதுக்கு மறைக்கணும்?"

"செஞ்சா ஒத்துக்குவியா நீ?"

"ஒத்துக்கிட்டேனே, அண்ணி."

ஹெல்காவின் கட்டைவிரல் வலப்பக்கத்து வழவழப்பில் மறுபடி ஒரு வட்டம் போட்டது. மனதுக்குள் அவள் எதையோ திருப்பிப்போட்டு அடுக்குவது நெற்றிச் சுருக்கத்தில் தெரிந்தது. சின்னக் காயத்தைத் தானாகக் காட்டுகிற ஆள் பெரிய பள்ளத்தை மறைப்பானா?

"தம்பி" என்றாள். அந்த வார்த்தையைக் கேட்டு இங்கோவே திடுக்கிட்டான். "அன்னிக்கு வண்டியிலேருந்து இதை உள்ள தூக்கிட்டு வந்தது யாரு?"

இங்கோ தன் காலணியைப் பார்த்தான். ரோஸ்விதா ஒஸ்னியைப் பார்த்தாள். ஒஸ்னி தன் வாளைப் பார்த்தார். யாருமே வாசல் பக்கம் பார்க்கவில்லை.

ஹெல்கா பார்த்தாள்.

வாசலில், பேண்டின் கடைசி வரிசையில் இருந்த வில்மார், ஜன்னல் வழியாக எல்லாவற்றையும் கேட்டபடி நின்றிருந்தவன், மனைவியின் கண் தன்மேல் திரும்பியதும் டூபாவை வாயில் வைத்து ஊத ஆரம்பித்தான். தளபதி வாளை அசைக்கவே இல்லை. எந்தப் பாட்டுக்கும் அது ஆரம்பம் இல்லை. ஆனால் டூபா முழங்கியதைக் கேட்டு, உத்தரவு வந்துவிட்டது என்று நினைத்துக் கிளாரினெட்டுகளும் மேளமும் அவசரமாகச் சேர்ந்துகொண்டன. கொடிக்காரன் நடக்க ஆரம்பித்தான். ஊர்வலம் கிளம்பிவிட்டது.

"நில்லுங்கப்பா, இன்னும் சாப்பிடவே இல்ல" என்று ஒஸ்னி கத்தியது யார் காதிலும் விழவில்லை.

ஹெல்கா துப்பாக்கியைத் தோளில் சார்த்தினாள். மேஜையைக் கடக்கும்போது, சர்க்கரைப் பொடி தடிப்பாக இருந்த தட்டிலிருந்து ஒரு துண்டு கூக்காவை இடது கையில் எடுத்துக்கொண்டாள். ஒரு கடி கடித்தாள். ராணிக்கு முன்னால் நடக்க வேண்டியவள், வேண்டுமென்றே ஓரடி பின்தங்கி ரோஸ்விதாவின் பக்கத்தில் வந்தாள்.

"ஆவி காட்டின அந்தத் துணி இன்னும் ஈரமா இருக்கா?" என்று கேட்டாள், முன்னால் போகும் டூபாவின் மேலிருந்து கண்ணை எடுக்காமல்.

"இருக்கு அக்கா. எதுக்கு?"

"காய விடாத. வேற ஒரு ஆளுக்கும் ஆவி காட்ட வேண்டியிருக்கும்போல."